சிவப்புக் கோட்டுக்கு முன் ஒரு கொண்டை

ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முழங்காலைப் பார்க்கிறார்கள். பிறகு, இவளுக்கு ஏன் இந்த வேலை என்பது போல முகத்தைப் பார்க்கிறார்கள். தலையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கஷ்டம் முழுவதும் அங்கேதான்.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் வாங்கிய சைக்கிள் அது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்து, கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு கடை வாசலில் நின்றவற்றில் ஒன்று. முன்னால் கூடை, மூன்று கியர், குனிந்து ஓட்ட வேண்டியதில்லை. வரிசைகள் ஒருநாள் மறைந்தன, சைக்கிள் என்னிடம் தங்கிவிட்டது. மஹய்யாவையில் என் வீட்டிலிருந்து சந்தைக்கு, வங்கிக்கு, மனம் இருந்தால் வாவியைச் சுற்றி ஒரு தடவை. கண்டியில் சைக்கிள் ஓட்டுவது என்றால் பாதித் தூரம் ஓட்டுவதும் பாதித் தூரம் தள்ளுவதும்தான். தள்ளுவதை நான் ஒளிப்பதில்லை.

ஹெல்மெட்டும் வாங்கினேன். சைக்கிளில் போன என்னை நிறுத்தி, ஹெல்மெட் எங்கே என்று எந்தப் பொலிஸ்காரரும் கேட்டதில்லை. யாரும் கேட்காத விதியை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் ஒரு கல்விக் கந்தோரில் மேசை வேலை பார்த்து, பிரதம எழுதுவினைஞராக வெளியே வந்தவளுக்கு, விதி இல்லாமல் வீட்டுப் படி இறங்க வராது.

முதல் மாதம் காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரி, அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டினேன். எண்ணெய் வைக்காத தலையோடு வாசலைத் தாண்டுகிற பெண்ணை, யாரோ செத்த செய்தி சொல்லப் போகிறவளைப் பார்ப்பது போலப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஏற்றத்தில் வியர்த்தது. வியர்வை எண்ணெயையும் கூட்டிக்கொண்டு நெற்றி வழியாக இறங்கிக் கண்ணுக்குள் போனது. ஒரு கையால் கண்ணைக் கசக்கியபடி வளைந்து வளைந்து போனதற்கு, ஓர் ஆட்டோக்காரரிடம் சிங்களத்தில் நல்ல ஏச்சு வாங்கினேன். ஒரு வாரத்தில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பஞ்சுத் துண்டுகள் எண்ணெய் குடித்துக் கறுத்தன. அடுத்த வாரம் எறும்பு வந்தது. ஹெல்மெட் தொங்கிய ஆணியிலிருந்து சுவர் வழியாகச் சமையலறை வரை, முந்தாமல் தள்ளாமல் ஒரு வரிசை. பெட்ரோல் செட்டில் அப்படியொரு வரிசையை நான் கண்டதே இல்லை.

பிறகு ஒழுங்காக யோசித்து நடைமுறையை மாற்றினேன். எண்ணெய் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் குளிப்பதற்கு முன். பஞ்சுத் துண்டுகளைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் வைப்பது. முடி ஏற்கனவே நரைத்து எலிவால் ஆகியிருந்ததால், காதளவில் வெட்டிவிட்டேன். இனி இந்த விடயத்தில் எழுத ஒன்றும் இல்லை, கந்தோரில் ஃபைலை மூடுவது போலக் கோவையை மூடலாம் என்று நான் நினைத்திருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு டீச்சர் வந்தாள்.

அவள் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பக்கத்து வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி, ஒரு கையால் பிடித்தால் பிடி கொள்ளாது. நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு அதிபர் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும், அந்த அறிக்கையில் நேரந்தவறாமைக்கு என்று தனி இடம் உண்டு. அறிக்கைக்கு மூன்று மாதம் இருந்தது.

“அன்ட்டி, இன்னைக்கும் கோட்டுக்குக் கீழ” என்றாள், வாசலில் நின்றபடியே.

எந்தக் கோடு என்று நான் கேட்கவில்லை. காலை ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில், கடைசியாகக் கையெழுத்து வைத்தவரின் பெயருக்குக் கீழே, அதிபர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு மேலே இருப்பவர் நேரத்துக்கு வந்தவர். கீழே இருப்பவர் எந்தக் காரணம் சொன்னாலும் பிந்தியவர். அப்படிப்பட்ட புத்தகங்களை ஆயிரக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். அந்தக் கோட்டைப் போல நேர்மையான ஒன்றை அரச சேவையில் நான் கண்டதில்லை, இரக்கமற்றதையும் கண்டதில்லை.

“பஸ் வரலையா?”

“வருது அன்ட்டி. நிப்பாட்டத்தான் மாட்டேங்குறான். டவுன்லயே நெறஞ்சு வருது. ஃபுட்போர்ட்ல நாலு பேரு தொங்குறப்ப சாரியோட நான் எங்க தொங்குறது?”

“முந்திப் போய் நின்றால்?”

“ஆறேகாலுக்கே போய் நின்னேன். அதே கூட்டந்தான். அதே நாலு பேருதான் போல.” பிறகு என் சைக்கிளைப் பார்த்தாள். “கலாசாலையில படிக்கிறப்ப ஓட்டியிருக்கேன். நான் இதுல போனா என்னா?”

வழி நல்ல வழிதான். இங்கிருந்து ஆற்றங்கரை வரை பெரும்பாலும் இறக்கம். பாலம் தாண்டியதும் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓர் ஏற்றம். அதே கடையில் அவளும் ஒன்று வாங்கினாள், என் வற்புறுத்தலில் ஒரு ஹெல்மெட்டும். களிசானும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு, சாரியை மடித்துக் கூடையில் வைத்துப் போனாள். சிக்கல் தலையில் வந்தது. டீச்சர்மார் கொண்டை போட வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். எந்தச் சுற்றறிக்கையிலும் நான் கொண்டையைக் கண்டதில்லை, ஆனால் சுற்றறிக்கையில் இல்லாத விதிகள்தான் நீண்ட காலம் வாழும். கொண்டையோடு ஹெல்மெட் போட்டால் அது குடத்தின் மேல் கவிழ்த்த சிரட்டை போல நின்றது. ஆகவே ஒற்றைப் பின்னல். போய்ச் சேரும்போது உச்சி முழுக்க நனைந்து தலையோடு ஒட்டியிருக்கும், பின்னல் பிழிந்தால் சொட்டும். அவிழ்த்து, துவட்டி, சிக்கெடுத்து, கொண்டை போட இருபது நிமிடம்.

அவள் அதற்குத் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஏழு இருபதுக்குப் போய், களிசானோடும் ஈரத் தலையோடும் முதலில் கையெழுத்து வைத்துவிடுவாள். பிறகு வகுப்புக்குப் பின்னாலுள்ள சாமான் அறைக்குள் போய்ச் சாரி உடுத்து, தலையை ஒப்பேற்றிக்கொண்டு, காலைக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொள்வாள். அதிபர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று வாரம் இப்படி நடந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு நாளும் இல்லை.

அதைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

“யாரைக் கேட்டுச் செய்கிறாய்?” என்றேன்.

“யாரையும் கேக்கல அன்ட்டி. சாரு பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல.”

“நாளைக்கு இவர் மாற்றலாகி வேறொருவர் வந்தால்? வாய்ப்பேச்சில் கிடைத்ததை வாய்ப்பேச்சிலேயே எடுத்துவிடுவார்கள். எழுத்தில் வாங்கு.”

எழுதியது நான்தான். அவள் சமையலறை மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதிபர் ஊடாக, மேற்படி விடயம் தொடர்பாக, முதலில் கையொப்பமிட்டுப் பின்னர் உடைமாற்றவும் தலைமுடியைச் சீர்செய்யவும் அனுமதி கோரல். நான்கு பந்தி. போக்குவரத்து நிலை ஒன்று, தலைக்கவசத்தின் அவசியம் ஒன்று, வியர்வையின் இயல்பு பற்றி ஒன்று, பணிவான முடிவு ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு நல்ல கடிதம் நான் எழுதியதில்லை. அவள் கையொப்பமிட்டு எடுத்துப் போனாள்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்த விதத்திலேயே தெரிந்தது. ஹெல்மெட் கையில் தொங்கியது.

“சாரு சொல்லிட்டாரு அன்ட்டி. பதில் வர்ற வரைக்கும் சாரி கட்டி, கொண்டை போட்டு வந்துதான் சைன் பண்ணணுமாம்.”

அடுத்த நாளே நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபர் யாழ்ப்பாணத்தவர். என் வயதுக்குப் பத்துக் குறைவு, மெலிந்த மனிதர், எந்தக் காகிதத்தையும் இரண்டு கையாலும் பிடித்து வாசிப்பவர். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே கதவைச் சாத்தினார்.

“ஓம் மிஸ், நான் கண்டனான்தான். பிள்ளை நேரத்துக்கு வந்து கையெழுத்து வைக்குது. நான் புத்தகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப அனுமதி வேணும் எண்டு எழுதித் தந்தால், இவ்வளவு நாளும் அனுமதி இல்லாமல் நடந்தது எண்டெல்லோ வருது. எனக்கு அனுமதி குடுக்க அதிகாரம் இருக்கோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. மேல அனுப்பிப்போட்டன்.”

“இது ஒரு சின்ன விஷயம் சார்.”

“சின்ன விசயத்துக்கு ஆரும் நாலு பந்தியில கடிதம் எழுதுவினமே, மிஸ்?”

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், ஒரு நாள் முந்தியே செய்திருப்பேன். கேட்காத வரை நடந்துகொண்டிருந்ததைக் கேட்டுக் கெடுத்தேன். கேள்வி எழுத்தில் வந்தால் விடையும் எழுத்தில் வர வேண்டும், விடை வரும் வரை எல்லாம் நிற்க வேண்டும். இதை நான் எத்தனை பேருக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரம் அவள் இரண்டு நாள் கோட்டுக்குக் கீழே போனாள். ஆறு இருபதுக்கே புறப்பட்டாள். என்ன பிரயோசனம்? கால் வேகமாக மிதித்தால் தலை இன்னும் அதிகமாக வியர்த்தது. ஈரம் காயாமல் போட்ட கொண்டை கோணலாக நின்று, வகுப்பில் பலகைக்குத் திரும்பும்போது அவிழ்ந்து விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்களாம்.

“நீங்க அந்தக் கடிதாசிய எழுதாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு சைன் வச்சிட்டு இருந்திருப்பேன், இல்லே அன்ட்டி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன்.

“வெட்டிவிட்டால் என்ன? என்னைப் போல.”

“நான் எதுக்கு வெட்டணும்? பஸ்ஸு நிக்காததுக்கு என் முடியவா வெட்டுறது?”

அந்த மாதம் எனக்குப் பதில் வராத மாதம்.

பரிகாரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனை நடத்தினோம். கையில் கடிகாரத்தோடு நானும், தலையோடு அவளும். முடியில் வியர்வை படாமல் இருக்க, குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் உறையை ஹெல்மெட்டுக்குள் போட்டுப் பாலம் வரை போய் வந்தாள். உறையைக் கழற்றியபோது ஆவி வந்தது. “சொரக்கா அவிச்ச மாதிரி இருக்கு அன்ட்டி” என்றாள். அடுத்த வாரம் உச்சியில் முகப் பவுடர் தூவினோம். அது வியர்வையில் குழைந்து, இரண்டு காதோரமும் இடியப்ப மாவாக இறங்கியது. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நேரே குழாயடிக்குப் போனாள்.

பதில் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்க, என் பழைய கந்தோருக்கே போனேன். நகரத்தின் மறுபக்கம், கடைசியில் ஓர் ஏற்றம். நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் மடிப்புக் கலையாத சாரியில், ஒரு மயிரும் விலகாத தலையோடு அந்தப் படி ஏறியவள். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றியதும் குட்டை முடி நாலு பக்கமும் எழும்பி நின்றது, கழுத்தில் வியர்வை வழிந்தது. புதிதாக வந்த காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே போகலாம் என்று வாசலோரம் உட்காரப் போட்டிருந்த நீள வாங்கைக் காட்டினார்.

இருந்தேன். அந்த வாங்கு எனக்குத் தெரியும். மழையில் நனைந்து, ஏதோ ஒரு படிவத்தைத் தேடி வந்த ஓர் ஆசிரியையை, நிலம் நனைகிறது என்று நான் அதே வாங்குக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நேரம் இருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் தலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

“யா அல்லாஹ், மிஸ்ஸா இது?”

குரல் கேட்டு நிமிர்ந்தேன். எனக்குக் கீழே வேலை பழகிய பெண், இப்போது எங்கள் பழைய பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவள். திகனவிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருபவள். தலையில் சுருக்கமில்லாத இளநீலத் துணி. அவளும் அரைமணி நேரத்துக்கு முன்புதான் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பாள் என்று யாரும் சொல்ல முடியாது.

“உள்ளுக்கு வாங்க மிஸ். ஒங்கள ஆரு இங்க இரிக்கச் சொன்ன?”

“விதி” என்றேன்.

பெண்களுக்கான முகம் கழுவும் அறைக்குக் கூட்டிப் போய்த் துவாய் தந்தாள். நான் முகம் துடைக்கும்போதே விடயத்தைச் சொல்லி முடித்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அந்தக் கடிதம் வந்த அன்டைக்கே நெனச்சன், இது மிஸ்ஸுட எழுத்து மாதிரி இரிக்கே எண்டு. பணிப்பாளருக்கிட்டப் போச்சு. அவரு சொல்லிட்டாரு, இத ஒரு ஆளுக்கு மட்டும் எழுத ஏலா, எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போடுங்க எண்டு. ஒழுங்கா உடுத்து, தல கட்டி, அதுக்குப் பொறகுதான் கையெழுத்து எண்டு. வரைவு ரெடி. வியாழக்கிழமை கூட்டம் முடிஞ்சி வந்து ஒப்பம் வைப்பாரு.”

வரைவு எழுதியது அவள்தான். நான் பழக்கிய வாசகங்கள். படித்துப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. என் ஒரு கடிதத்தால் கல்வி வலயம் முழுவதும் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வருகிற ஒவ்வொரு ஆசிரியைக்கும் ஒரு விதி முளைக்கப் போகிறது.

“நிறுத்த வழி?”

“மிஸ்ஸுக்குத் தெரியாததா? கேட்ட ஆளே கோரிக்கைய வாபஸ் வாங்கினா, பதில் எதுக்கு? ஒப்பம் வைக்க முந்தி வரோணும். அதிபருட கையால வரோணும்.” பிறகு மெதுவாகச் சேர்த்தாள். “ஒரு வரி போதும் மிஸ். ஒரு வரி.”

அதன் பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி தன் முக்காட்டைத் தளர்த்தி, உள்ளே போட்டிருந்த தொப்பியைக் காட்டினாள். பழைய பெனியன் துணியில் தைத்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை தலையோடு ஒட்டி இருந்தது.

“வேர்வைய நிப்பாட்ட ஏலா மிஸ். எங்கட உம்மா சொல்லுவாங்க, வேர்க்கிற எடத்துல துணி இரிக்கோணும் எண்டு. இது குடிச்சிரும். இங்க வந்து இதக் கழட்டிட்டு வேற ஒண்டு போடுவன். ஆனா மூட முந்தி தல நல்லாக் காயோணும். ஈரத்தோட மூடினா நாறும், பொறகு தலையெல்லாம் சொறி. குளிக்கிறது முந்தின நாள் பின்னேரம். ஒத்தப் பின்னல் போட்டா உள்ளுக்குக் காயாது, ரெண்டாப் போடச் சொல்லுங்க, இறுக்காம.”

முப்பத்தைந்து வருடத்தில் அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் நான் எத்தனையோ பழக்கியிருக்கிறேன். முகம் கழுவும் அறையில் நின்று குறிப்பெடுத்தது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் ஒரு வரி எழுதினாள். இம்முறை நான் பேனையைத் தொடவில்லை. அதிபர் அதை இரண்டு கையாலும் பிடித்து வாசித்து, கீழே கையொப்பமிட்டு, தபாலில் போட்டால் பிந்தும் என்று என்னிடமே தந்தார். புதன்கிழமை காலையில் அதைக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திகனக்காரி திகதி முத்திரை குத்தி, வரைவுக்கு மேலே கோத்து, கோவையை மூடினாள். அந்த விதி பிறக்கவில்லை.

ஆனால் பழையபடி ஈரத் தலையோடு கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டதற்கு அதிபர் தலையாட்டவில்லை. “வாபஸ் வாங்கின கடிதமும் கடிதந்தான் மிஸ். என்ரை கோவையில கிடக்குது. இனி நான் காணாத மாதிரி இருக்கேலாது. பிள்ளை உடுத்துக் கட்டிக்கொண்டே வரட்டும்.” அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. கோவைக்குள் போனதை மறக்கிற அதிபரை நான் மதித்ததும் இல்லை.

ஆகவே மிச்சம் இருந்தது பெனியன் துணிதான். வீட்டிலிருந்த பழைய பெனியன்களை வெட்டி, நான் கையால் மூன்று தொப்பி தைத்தேன். அழகு என்று சொல்ல முடியாது. டீச்சர் முதலாவதைப் போட்டுப் பார்த்து, “ஆஸ்பத்திரியில ஆப்பரேசனுக்குக் கொண்டு போற மாதிரி இருக்கு” என்றாள். ஆனாலும் போட்டாள். முந்தின நாள் பின்னேரமே தலை குளித்துக் காய விட்டாள். காலையில் எண்ணெய் ஒரு துளியும் இல்லை. அது அவளுக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஊரிலிருந்து வந்த அவளுடைய அம்மா, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது வருத்தமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

இரண்டு தளர்ந்த பின்னல், பிடரியில் ஒன்றின் மேல் ஒன்று. அதன் மேல் தொப்பி, அதன் மேல் ஹெல்மெட். பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்கிவிட வேண்டும் என்பது என் யோசனை. அங்கே ஓட்டினால் மிச்சப்படும் நேரம் இரண்டு நிமிடம், சேரும் வியர்வை பத்து நிமிடத்துக்குரியது. ஹெல்மெட்டைக் கூடையில் போட்டு, ஆற்றுக் காற்று தலையில் பட, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வாசலில் தொப்பியை உருவினால் உச்சி கிட்டத்தட்ட உலர்ந்திருக்கும். பிடரியைத் துவாயால் ஒற்றி, இரண்டு பின்னலையும் அவிழ்க்காமலே சுற்றி, ஆறு ஊசி குத்தினால் கொண்டை. முதல் நாள் அதற்குப் பதினொரு நிமிடம் போயிற்று. அந்த வாரக் கடைசியில் ஏழு. பிறகு நான்கில் நின்றது. சாரிக்கு ஒன்பது, அதை யாராலும் குறைக்க முடியாது.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்கு மேலே என்று வாரங்கள் போயின. கணக்கை அவள் வைத்திருக்கவில்லை, நான் வைத்திருந்தேன்.

அறிக்கையை வெள்ளிக்கிழமை எழுதுவேன் என்று அதிபர் சொன்ன வாரத்தில் மழை பிடித்தது. வியாழக்கிழமை காலை, கண்டி மழை என்றால் கண்டி மழை. வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடியது. அவள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

“இன்னைக்கு லீவு போடவா அன்ட்டி?”

“அறிக்கைக்கு முந்தின நாள் லீவா? போடு. நான் அதிபராக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதுவேன்.”

“அப்ப வர்றீங்களா கூட?”

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் அவளை மழைக்குள் அனுப்பி வைக்கும் முகம் எனக்கு இல்லை. இரண்டு பேருடைய ஹெல்மெட்டின் மேலும் சொப்பிங் பையை இழுத்துக் கட்டினேன். அவளுடைய சாரியை மூன்று பைக்குள் போட்டோம். அவள் முன்னால், நான் பின்னால். மழைக் குளிரில் அவளுக்கு வியர்வை குறைவு என்பதை இறக்கத்தில்தான் யோசித்தேன். என் பையின் முடிச்சு பாலத்தில் அவிழ்ந்து ஆற்றுக்குள் பறந்தது. அவளுடையது நின்றது.

ஏழு பதினொன்றுக்கு அவள் சாமான் அறைக்குள் போனாள். நான் அதிபரின் கந்தோர் வாசலில், கூரை ஓரத்தில் நின்றேன். தலையிலிருந்து கால் வரை சொட்டியது. உள்ளே அதிபர் வரவுப் புத்தகத்துக்கு முன்னால் இருந்தார். கோடு போடும் அடிமட்டமும் சிவப்புப் பேனையும் பக்கத்தில். சுவர்க் கடிகாரத்தை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு ஆசிரியர்கள் குடையை உதறிவிட்டு வந்து கையெழுத்து வைத்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. ஏழு இருபத்திரண்டு. இருபத்திநான்கு. சாமான் அறைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஊசி விழுந்து தேடுகிறாளோ என்று நினைத்தேன். போய்ப் பார்க்கக் கால் எழும்பியது, போனால் அவளைத்தான் தாமதப்படுத்துவேன் என்று நின்றுவிட்டேன்.

அதிபர் அடிமட்டத்தைக் கையில் எடுத்தார். புத்தகத்தின் மேல் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார்.

ஏழு இருபத்தாறுக்கு அவள் வந்தாள். மெல்லிய மஞ்சள் சாரி, விசிறி மடிப்பு நேராக. பிடரிக்கு மேல் ஒரு கொண்டை, உருண்டு, உலர்ந்து. அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று காய்ந்திருந்த தலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குனிந்து கையெழுத்து வைத்தாள். நேரத்தை எழுதினாள். “குட் மோர்னிங் சார்” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே வகுப்புக்குப் போனாள். திரும்பியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

ஏழரை வரை காத்திருந்து, அவள் பெயருக்குக் கீழே அதிபர் கோடு போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“உள்ள வாங்கோ மிஸ், ஏன் நனைஞ்சுகொண்டு நிக்கிறியள்? இந்தக் கதிரையில இருங்கோ.”

“நிலம் நனையும் சார்.”

“நனைஞ்சால் காயும்.”

நான் போய் இருந்தேன். அவர் தன் பிளாஸ்கிலிருந்து மூடியில் தேநீர் ஊற்றித் தந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு குடித்தேன்.

நிரந்தர நியமனக் கடிதம் சில வாரங்களுக்குப் பிறகு வந்தது. டீச்சர் உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கம், திகதி, ஒப்பம், பிரதி யார் யாருக்கு என்பது வரை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இனி ஒருவரும் எளிதில் அசைக்க முடியாது என்றேன்.

“அப்ப இனிமே கோட்டுக்குக் கீழ சைன் வச்சாலும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க, இல்லே அன்ட்டி?”

என்னென்ன செய்யலாம் என்று நான் ஒழுங்காக விளக்கத் தொடங்கினேன். விடுமுறையில் கழிப்பது, விளக்கம் கேட்பது, சம்பள உயர்வை நிறுத்தி வைப்பது. மூன்றாவதுக்கு நான் வருவதற்குள் அவள் எழுந்து, நாளைக்கு வேண்டும் என்று தொப்பியைத் தோய்க்கப் போய்விட்டாள்.